நூறடிக் குருசு

அன்புள்ள அண்ணே, கல்லறைத் தோட்டத்தில் எல்லோரையும்விடக் கடலுக்குப் பக்கத்தில் படுத்திருப்பவனே,

சுகமா என்று கேட்க இந்தக் கடிதம் இல்லை. உன் கால்மாட்டில் நின்ற மதில் போன வியாழக்கிழமை விழுந்துவிட்டது. அதை உனக்கு யார் சொல்வார்கள்? நான்தான் சொல்ல வேண்டும்.

காற்று இல்லை, மழை இல்லை. நல்ல உச்சி வெயிலில் வலை பிரித்துக்கொண்டிருந்தோம். கடல் சத்தம் போடாமல் வீங்கி ஏறி வந்தது. கள்ளக்கடல் என்போமே, அதேதான். முன்பெல்லாம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். இந்த முறை மதிலைத் தள்ளி, உனக்கு முன்னால் இருந்த இரண்டு கல்லறைகளைத் திறந்துவிட்டுப் போனது. யாருடையவை என்று எழுத மனம் வரவில்லை. எலும்புகளைப் பொறுக்கி வெள்ளைத் துணியில் கட்டி ஃபாதர் கோயிலுக்குள் வைத்திருக்கிறார். இனி உனக்கும் கடலுக்கும் நடுவே யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர்க்கூட்டம். கல்லறைகளையும் முன்வரிசை வீடுகளையும் ரோட்டுக்கு வடக்கே கோயில் நிலத்துக்கு மாற்றுவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. முன்வரிசையில் முதல் வீடு உன் வீடு. உன் பெண்டாட்டி, என் மைனி, அங்கேதான் தனியாக இருக்கிறாள்.

உன் மகள் ரெஜினா முதலில் எழுந்தாள். நாகர்கோவிலில் கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறாள் இப்போது. "கடலு சூடாவுது, தண்ணி ஏறுது. இது நம்ம ஊருக்கு மட்டும் வந்த நோய் இல்ல. ஆடிக் கடலு பொங்குததுக்கு முன்ன மாறிரணும்" என்றாள்.

கிளீட்டஸ் விடுவானா? உன் பழைய வள்ளப் பங்காளிதான், இப்போது கட்சிக்கரை வேட்டி. "ஏட்டி, நீ படிச்ச புள்ள, சரி. ஆனா இது அரசியல். அலையத் தடுக்க கல்லுல தூண்டில் வளைவு கேட்டோம், போடல்ல, மதிலு விழுந்திச்சு. கடலு ஏறுதுன்னு பயங்காட்டி நம்மள எழுப்பி விட்டா, நாளைக்கி இதே கரையில எவனாவது ஓட்டலு கெட்டுவான்."

மைனி முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தாள். "ரெண்டு பேரும் வாய மூடுங்க. ஊருல ஜெபம் கொறஞ்சு போச்சு, அதான். மாதா கைவிட மாட்டாவ. அவிய கெடக்க எடத்த விட்டு நான் எங்க போவேன்?"

எனக்கு மூன்று பேர் மேலும் கோபம் வரவில்லை. கிளீட்டஸ் சொன்னதில் பாதி சரி என்றே பட்டது. நம்மைக் கரையிலிருந்து எழுப்பக் காத்திருப்பவர்கள் இல்லையா என்ன? மைனியின் கேள்விக்கு ரெஜினாவின் படிப்பிலும் பதில் இல்லை. ஆனால் அடுத்து கிளீட்டஸ் கோயில் அலமாரியிலிருந்து குருசுப் புத்தகத்தை எடுத்து வந்தான்.

நம் ஊர்ச் சட்டம் உனக்குத் தெரிந்ததுதான். கரையைக் காக்க நட்ட சிலுவை, நம் கடற்கரைக் குருசு, தண்ணீரிலிருந்து நூறடி தள்ளி நிற்க வேண்டும், நடந்து அளக்கும் நூறடி. திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் ஊர்த்தலைவர் அளந்து புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போன திருவிழாவரை இத்தனை வருஷமும் தலைவர் நீ. அளந்தது நீ, எழுதியது நான்.

"பொஸ்தகத்தப் பாருங்க. நம்ம தலைவரு ஒப்பு. எல்லா வருசமும் நூறு. கடலு எங்கடே ஏறிச்சு?" என்றான் கிளீட்டஸ்.

ரெஜினா பக்கங்களைப் புரட்டினாள். ஊரோடு மல்லுக்கு நிற்பாள், அப்பன் கையெழுத்தோடு எப்படி நிற்பாள்? என்னைப் பார்த்தாள். "சித்தப்பா, நீங்கதான கூட நிண்ணு எழுதினிய. சொல்லுங்க."

"அளந்தது நூறுதான் மக்ளே" என்றேன்.

அது பொய் இல்லை, அண்ணே. கூட்டம் கலைந்தது. யாரும் எங்கும் மாற வேண்டாம் என்று முடிவாயிற்று.

கடல் ஏறிய வருஷமெல்லாம் குருசைச் சாய்த்துவிட்டே போனது. அந்த வருஷங்களில் நாம் என்ன செய்தோம்? நீ தண்ணீர் விளிம்பில் நின்று, கடலுக்கு முதுகு காட்டி, எண்ணிக்கொண்டே மேலே ஏறினாய். நூறாவது அடி விழுந்த இடத்தில் நான் குழி வெட்டினேன். குருசை நட்டோம். மூன்று முறை நட்டோம். ஊர் முழுக்கக் கூட நின்று பார்த்தது, சாய்ந்த குருசு நிமிர்ந்தது என்று வெடி போட்டது. பழைய குழி எங்கே என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டத்தை ஓரடிகூடப் பிசகாமல் காத்தோம். அதனால்தான் புத்தகத்தில் கடல் நகரவே இல்லை.

மூன்றாம் முறை நான் உன்னிடம் கேட்டேன், நினைவிருக்கிறதா? "ஏலே, பழச நோண்டாத. கடலு ஏறுதுன்னு தெரிஞ்சா இந்த ஊருக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். உனக்குப் பயம் இருந்ததா, அண்ணே? இருந்திருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாமே.

முதல் குருசின் பீடம் இன்னும் இருக்கிறது. அலை உள்வாங்கும்போது பாசி பிடித்த தலை தெரியும். வள்ளக்காரப் பையன்கள் பாறை என்று நினைத்து ஒதுங்கிப் போகிறார்கள்.

இப்போது நாலாம் முறையாகக் குருசு சாய்ந்து கிடக்கிறது. திருவிழா வருகிறது, நட வேண்டும். நேற்றுக் காலை தனியாகப் போய் அளந்தேன். உன் கல்லறை முப்பதாவது அடியில் வந்தது. நான் நிற்கவில்லை, எண்ணிக்கொண்டே ஏறினேன். நூறாவது அடி மைனியின் அடுக்களை வாசலில் விழுந்தது. உள்ளே அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "என்ன கொழுந்தனாரே, காலங்காத்தால எதை எண்ணுதிய?" என்றாள். ஒன்றுமில்லை மைனி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் ஞாயிறு, பூசை முடிந்ததும், கோயில் மைக்கில் நிற்கப் போகிறேன். இந்தக் கடிதத்தையே வாசிப்பேன். பிறகு ஊரைக் கரைக்குக் கூட்டிப்போய் அந்தப் பாசி பிடித்த தலையைக் கைநீட்டிக் காட்டுவேன். உன் பெயர் கெடும். என் பெயர் அதற்கு முன்னால் கெடும். கிளீட்டஸ் என்னை விலை போனவன் என்பான், மைனி என் முகத்தில் முழிக்க மாட்டாள். ஆனால் அவளை அந்த அடுக்களையிலிருந்து ஆடிக்கு முன்னால் வெளியே கொண்டுவர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அவள் வெளியே வரும்முன் உன்னை எடுக்க வேண்டும். நீ போனால்தான் அவள் வருவாள். முதல் மண்வெட்டி நான்தான் போடுவேன், வேறு கை உன்மேல் பட விடமாட்டேன். உன்னைத் தோளில் வைத்து வடக்கே நடக்கும்போது, நீ செய்தது போலவே எண்ணிக்கொண்டு நடப்பேன். நூறில் நிற்க மாட்டேன்.

நீ எண்ண எண்ணக் குழி வெட்டிய உன் தம்பி,
சூசை