ஒரே ஒரு கடற்சண்டை

1942 மே 24, குரே துறைமுகம், ஜப்பான்

காலையிலிருந்து கடையில் மாலுமிக் கூட்டம். கடற்படை ரகசியத்தையெல்லாம் என் நாற்காலியில் உட்கார்ந்துதான் கொட்டுகிறார்கள். எந்தத் தீவு, என்றைக்குப் புறப்பாடு, எல்லாம் தெரிந்துவிட்டது. முடிவெட்டுகிற எனக்கே தெரிந்தது அமெரிக்காக்காரனுக்கு மட்டும் தெரியாதாம்.

கடைசியாகச் செய்கிச்சி வந்தான். என் தம்பி, விமானந்தாங்கிக் கப்பலில் மெக்கானிக். போன நவம்பரில் அமெரிக்காக்காரனை முதல்முறை அடிக்கப் புறப்பட்டபோது ஒவ்வொருவனும் கொஞ்சம் முடியும் நகமும் உறையில் போட்டு வீட்டில் கொடுத்துவிட்டுப் போனான். உடம்பு திரும்பாவிட்டால் புதைக்க அதுவாவது வேண்டுமே. இந்த முறை ஒருத்தனும் கேட்கவில்லை. நானே உறையை எடுத்தேன். சிரித்துவிட்டான்.

"எதுக்குக்கா அது? போய் ஒரு தட்டு தட்டிட்டு வந்துருவோம். வெட்டின முடியைக் கொல்லைப் பூசணிக்கு உரமாப் போடு, நல்லா காய்க்கும்."

போட்டேன்.

மே 27

கடற்படை நாள். தெருச் சங்கத் தலைவர் தொகுமாரு பேசினார். முப்பத்தேழு வருஷம் முன்னால் இதே நாளில் ருஷ்யாக்காரனை ஒரே கடற்சண்டையில் முடித்தோமாம், இந்தப் போருக்கும் ஒன்று போதுமாம். படகில் ஏறினாலே வாந்தி எடுக்கிற மனுஷன்.

ஜூன் 10

ரேடியோவில் வெற்றி. எதிரிக்கு இரண்டு விமானந்தாங்கி போச்சு, நமக்கு ஒன்று. தொகுமாரு கொடி கட்டச் சொன்னார். கட்டினேன். அந்த ஒன்று எது என்று மட்டும் ரேடியோ சொல்லவில்லை.

ஜூன் 23

இப்படி ஒரு வெற்றியை நான் பார்த்ததில்லை. ஜெயித்தவன் ஒருத்தனும் ஊருக்குள் வரவில்லை, குடிக்கவும் இல்லை, முடிவெட்டவும் இல்லை. காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். பெண்டாட்டிகூடப் பார்க்கக் கூடாதாம். அந்தப் பூட்டின கதவுக்குப் பின்னாலாவது இருடா.

ஜூலை 5

தொகுமாருவிடமே போய்க் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஒண்ணுதானம்மா முழுகியிருக்கு. அது உன் தம்பி கப்பலாவா இருக்கும்? வாய வச்சிக்கிட்டு சும்மா இரு, போலீஸ் வரும்."

ஒண்ணுதானாம்! அப்படியானால் மற்றக் கப்பல் பையன்கள் எங்கே? ஜெயித்த வெட்கத்தில் ஒளிந்துகொண்டார்களா? டேய் செய்கிச்சி, ஒரு வரி எழுதினா கை தேஞ்சா போயிரும்?

ஜூலை 19

கடிதம் இல்லை. பூசணி பூத்திருக்கிறது.

செப்டம்பர் 2

தெற்கே ஏதோ தீவுச் சண்டைக்கு ஆள் போகிறது. இன்று வந்த மாலுமிகள் எந்தத் தீவு என்று வாயே திறக்கவில்லை. வெட்டி முடித்ததும் ஒவ்வொருவனும் சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினான்.

சாயங்காலம் தொகுமாரு, அதே சண்டைக்குக் கப்பலேறப் போகிற தன் மகனை முடிவெட்டக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் எழுந்து வெளியே போனதும் அவரே குனிந்து தரையில் கிடந்த முடியைப் பொறுக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு போதும்னீங்களே" என்றேன்.

சட்டைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, பொறுக்கினதை அதில் போடப் பார்த்தார். பாதி வெளியே சிந்தியது. உறையை வாங்கி நானே போட்டு ஒட்டிக் கொடுத்தேன். திட்டத்தான் நினைத்திருந்தேன், முடியவில்லை.

செய்கிச்சி சொன்னது சரிதான், பூசணி நன்றாகக் காய்த்திருக்கிறது. அரிசி கிடைக்காத நேரம், தெருவே கண் வைக்கிறது. யாருக்கும் தரவில்லை. நானும் அறுக்கவில்லை. இன்று அதன் பக்கத்தில், அவன் முடி கிடக்கிற மண்ணில், ஊதுபத்தி ஏற்றி வைத்தேன்.