ஏழாம் வாய்ப்பாடு

12-7-1968, வெள்ளி

மகள் வள்ளிக்கு வாய்ப்பாட்டை மெட்டுப் போட்டுச் சொல்லிக்கொடுத்தவர் பழைய டீச்சர். இன்றும் அதை முனகித்தான் விடை சொல்கிறாள். வகுப்பில் முனகியதற்காகப் புது வாத்தியார் கையிலேயே பிரம்பால் அடித்துவிட்டார்.

"பாடலன்னா கணக்கு வரமாட்டேங்குது நைனா" என்று வீங்கின கையை நீட்டினாள்.

"இது பள்ளிக்கூடமா, கூத்துக் கொட்டகையா?" என்று அந்த டீச்சர்மேல் மனு எழுதி, முதல் கையெழுத்துப் போட்ட மேதாவி நான்தான். எட்டாவது ஃபெயில். ஏழெட்டு எவ்வளவென்று கேட்டால் இன்றைக்கும் விரலைத்தான் மடக்குவேன். டீச்சரை ஆர்.கே.பேட்டைக்கு மாற்றியபோது என் மனுவுக்கு இவ்வளவு மதிப்பா என்று பூரித்துப்போனேன்.

வீங்கின கையை வைத்துக்கொண்டு அவளால் சோறு பிசைய முடியவில்லை. ஊட்டிவிட்டேன்.

"டீச்சர இன்னாத்துக்கு நைனா மாத்திட்டாங்கோ?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? துன்னு."

நம்பிவிட்டாள்.