பிரேக்கர் விழுந்தால் கையை எடு

செவ்வாய், ஈப்போ, மலேசியா.

இன்று வயரிங் பட்டறையில் தர்ஷினி ஸ்குரூடிரைவரை வீசி எறிந்தாள். என் மாணவர்களில் அவள் கைதான் வேகம். அவள் இணைத்த பலகையில் பிரேக்கர் டிரிப் ஆகி விழுந்தது, மின்சாரம் நின்றது. பிழையைத் தேடாமல் அதை மேலே தள்ளினாள், மறுபடி விழுந்தது. மறுபடி தள்ளினாள். பிறகுதான் ஸ்குரூடிரைவர் பறந்தது. நல்லவேளை, யார்மேலும் படவில்லை. கம்பி ஒன்று எர்த் கம்பியில் உரசிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நின்று பார்த்திருந்தால் அவளே கண்டுபிடித்திருப்பாள்.

"பிரேக்கருக்கு முன்னாடி இவதான் டிரிப் ஆவுறா லா," என்றான் பக்கத்து மேசைக் குமரன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் அழுதுகொண்டே வெளியே போனாள்.

தலைமைப் பயிற்றுநர் மணியம் அண்ணன் சாயங்காலம் கூப்பிட்டார்.

"கோவத்த அடக்கத் தெரியாதவளுக்குக் கரண்டு வேல எதுக்குடா? அனுப்பிடு."

"வயர் போடக்கூடத் தெரியாமத்தான் வந்தா, அண்ணே. அத சொல்லிக் கொடுத்தோம்ல? இதையும் சொல்லிக் கொடுக்கலாம்."

"சரி, நாளைக்குப் பாப்போம். மறுபடி எறிஞ்சா நானே அனுப்பிடுவேன்."

அந்த ஒரு நாள் போதும். நாளை அவளிடம் சொல்லிவிட்டே அவள் பலகையில் ஒரு பிழையை வைக்கப்போகிறேன். பிரேக்கர் விழும். கையை எடுத்துவிட்டுப் பின்னால் தள்ளி நிற்க வேண்டும். பிழை எங்கே இருக்கலாம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் தொட வேண்டும். கோபமே வரக்கூடாது என்று சொல்லமாட்டேன். வந்தால் கையை என்ன செய்வது என்பதுதான் பாடம். பழகும்வரை விடமாட்டேன்.

அவள் எவ்வளவு நேரம் யோசித்தாலும் "சீக்கிரம், சீக்கிரம்" என்று வழக்கம்போல் பின்னாலிருந்து நான் கத்தப்போவதில்லை. கத்தாமல் நிற்பது அவளைவிட எனக்குத்தான் கஷ்டம்.