பழைய சீட்டோடு வந்த ரத்தம்

ஐயா,

இன்று காலை ஜாலான் புசார் கிளினிக்கில் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. அந்த நாள் போல, ரத்தம் பிடித்த சோதனைக் குழாய்த் தட்டோடு உங்கள் சோதனைக்கூட வாசலில் நிற்பது போலவே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பென்சிலை எடுத்துவிட்டேன். மாலை வகுப்பில் எழுத்துப் படித்து ஆறு மாதமாகிறது. முதல் கடிதம் உங்களுக்குத்தான். மெதுவாக வருகிறது. ஆனால் வருகிறது, ஐயா!

பிள்ளைப்பேற்றுக்குப் பின் ரத்தம் குறைந்து, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே என் மனைவி கிடந்தாள். தினமும் அவளுக்கு ரத்தம் எடுப்பார்கள். குழாயையும் சீட்டையும் உங்களிடம் கொண்டுவருவது என் வேலை. ஒருநாள் பெரிய டாக்டர், இவளுக்கு இனிச் சோதனை வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். பக்கத்துக் கட்டில்காரிக்கு எடுக்கிறார்கள், இவளுக்கு இல்லை என்றால், கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

ரத்தம் எடுக்கும் டிரெஸ்ஸரிடம், "அண்ணே, நம்ம வீட்டுக்காரிக்கும் கொஞ்சம் எடுத்துடுங்கண்ணே" என்று கெஞ்சினேன். எழுத்துத் தெரியாத நான், அவள் கட்டிலில் தொங்கிய பழைய சீட்டையே குழாயில் சுற்றி உங்களிடம் கொண்டுவந்தேன்.

"என்ன காணும், சோதனை முடிவும் இதிலயே எழுதிக் கிடக்கு. ஆர் எடுக்கச் சொன்னது?" என்றீர்கள்.

வேலை போய்விடும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்னேன்.

"உமக்கு ஆர் இந்த நுளம்பு வேலை தந்தது?" கொசுவுக்கு அது உங்கள் யாழ்ப்பாணப் பேச்சு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மருந்து பிடிக்கப் பத்து நாள் செல்லும். அதுக்குள்ள தினம் தினம் பாத்து என்ன காணப்போறீர்? அவவிட்ட இருக்கிறதே கொஞ்சம். அதையும் உறிஞ்சாதையும்."

"டெஸ்ட் இல்லாம பொழைச்சுடுவாளாங்கய்யா?"

"டெஸ்ட் ஆரையும் சுகப்படுத்தாது காணும். மருந்துதான் சுகப்படுத்தும்."

என்னை நீங்கள் காட்டிக்கொடுக்கவில்லை. பெரிய டாக்டரிடம் பேசி, வழக்கத்துக்காகத் தினமும் ஊசி குத்தப்பட்ட இன்னும் பலரை விடுவித்தீர்கள். எனக்கோ அந்தப் பத்து நாளும் சோறு இறங்கவில்லை. அவள் மூச்சை எண்ணிக்கொண்டே தட்டுத் தூக்கினேன். பதினோராம் நாள் நீங்களே வார்டுக்கு வந்து, அவள் கீழிமையை இழுத்துக் காட்டினீர்கள். "பாரும், சிவக்குது. ரத்தம் ஊறுது."

நீங்கள் இறந்தபோது உங்கள் வீட்டாருக்கு ஒரு வரி எழுதக்கூட எனக்குத் தெரியாது.

இன்று கிளினிக் டாக்டர் என் மனைவியைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு பிளட் டெஸ்ட் ஒண்ணும் வேணாம் லா" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். பயம் போகவில்லை. பஸ் நிற்குமிடத்தில் அவளை வெளிச்சத்துக்குத் திருப்பி இமையை இழுத்தேன்.

"ஊரே பாக்குது, கையை எடுங்க!" என்றாள்.

சிவப்பாகத்தான் இருக்கிறது, ஐயா.