பின் சக்கரமும் சுமதியின் காதும்

ஜூலை 1, செவ்வாய்

விடியவே கடல் காற்று. யன்னல் கண்ணாடியெல்லாம் உப்பு. வெள்ளவத்தையில் கடலுக்கு இவ்வளவு கிட்ட வீடு, அதில் கம்பிச் சக்கரம் போட்ட பெரிய பைக். புத்தியுள்ளவன் செய்யும் வேலையில்லை. துடைக்க முக்கால் மணித்தியாலம். பின் சக்கரத்தில் ஏழு கம்பிகளில் துரு.

செய்ய: பின் டியூப் மாற்ற. செயினுக்கு எண்ணெய். மழைக் கோட் தேட. சுமதியைக் கேட்க.

கேட்டேன். சனிக்கிழமை மன்னாருக்கு, அவளுடைய அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு, என்னோடு பைக்கில் வருவாளா என்று.

"அம்மாவுக்கும் எனக்கும் பஸ்ஸில ரெண்டு சீட் சொல்லியாச்சு. நீங்கள் உங்கட பைக்கில வாங்கோ."

கோபமே இல்லை குரலில். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஜூலை 2, புதன்

ஒபிசில் வேலை ஓடவில்லை. போன வருடம் புத்தளம் தாண்டி விழுந்ததே திரும்பத் திரும்ப. விழுவதற்கு முன் பின்னால் இருந்த சுமதி இரண்டு தரம் கேட்டாள், "பின்னால டிக் டிக் எண்டு என்ன சத்தம்?" "ஒண்டுமில்லை" என்றேன், இரண்டு தரமும். முறிந்த கம்பி டியூபைக் குத்திவிட்டது. எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு மணிக்கட்டு முறிவு. வயலின் டீச்சருக்கு மணிக்கட்டு. மூன்று மாதம் வகுப்பில்லை. ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. பின்னால் ஏறியதும் இல்லை.

பின்னேரம் மழை, பத்து நிமிஷம். மறுபடி துடைப்பு.

ஜூலை 3, வியாழன்

புது டியூப் போட்டாச்சு. வாசலில் குந்தியிருந்து தேக்கரண்டியால் கம்பி கம்பியாகத் தட்டிப் பார்த்தேன். இறுகிய கம்பி கணீர், தளர்ந்தது டொக். உள்ளேயிருந்து சு.வின் குரல்: "இப்ப தட்டினது சுருதி இறங்கிக் கிடக்கு."

இறுக்கினேன். "இன்னும் கொஞ்சம்."

பிறகு அவளே வெளியே வந்து பக்கத்தில் இருந்தாள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல். முப்பத்தாறு கம்பியும் ஒரே சுருதி. இந்த முறை அவள் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டேன். சந்தோஷமான பின்னேரம். மாமி, சு.வின் அம்மா, எட்டிப் பார்த்து, "கச்சேரி எத்தினை மணிக்கு?"

ஜூலை 4, வெள்ளி

காலையில் பைக்கை ஓட்டிப் பார்த்தேன். பின் சக்கரம் பக்கவாட்டில் ஆடுகிறது. லேசாக அல்ல. லீவு சொல்லிவிட்டு, சக்கரத்தைக் கழற்றித் த்ரீவீலில் கொட்டாஞ்சேனைக்கு. சு. தானாகவே ஏறினாள்.

மெக்கானிக் ராஜு, ஹட்டன்காரர். சுற்றிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"இத யாருங்க டைட் பண்ணுனது?"

"நான்."

"நான்தான் சொல்லிக் குடுத்தனான்," என்றாள் சு.

"எல்லாக் கம்பியும் ஒரே சத்தம் போடுதுங்க. இந்த வீலுக்கு அது ஆகாது. செயின் பக்கம் கூட இறுக்கணும், அந்தப் பக்கம் கொறைக்கணும். அப்பதான் ரிம்மு நடுவுல நிக்கும்."

எல்லாவற்றையும் தளர்த்தி முதலிலிருந்து. இரண்டு மணித்தியாலம். சு. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் கையையே பார்த்திருந்தாள்.

திரும்பும்போது இருவர் முழங்காலிலும் சக்கரம். பம்பலப்பிட்டியில் வாகனங்கள் அசையவில்லை.

"பிழையைச் சரியெண்டு அடிச்சுச் சொல்லிப்போட்டன், என்ன?" என்றாள் சு.

"நானும் அண்டைக்கு ஒண்டுமில்லை எண்டனான். மன்னிச்சுக்கொள்."

சொல்ல ஒரு வருடம் எடுத்திருக்கிறது எனக்கு. அவள் நகத்தால் ஒரு கம்பியைச் சுண்டினாள், பிறகு மற்றப் பக்கத்தில் ஒன்று.

ஐந்து மணி. சக்கரம் பூட்டியாச்சு. ஆட்டமில்லை. கை கழுவப் போகையில் அறைக்குள் சு. போனில்:

"ஓம், நாளைக்குத்தான். ஒரு சீட் போதும். அம்மா தனியத்தான் வாறா, யன்னல் பக்கமாக் குடுங்கோ."