மாப்பிள்ளைக்கு ஐந்தடி

ஜூன் 3

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நலம். அங்கேயும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறோம், அதனால் எழுதுகிறேன்.

விஷயம் மாப்பிள்ளையைப் பற்றி. வாயாடி அதைப் பையில் போட்டு வாங்கிவந்த அன்று சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. "வேலை வெட்டி இல்லாம உக்காந்து சாப்பிடப் போகுது, வீட்டோட மாப்பிள்ளை" என்று நீங்கள்தான் அதற்குப் பெயர் வைத்தீர்கள். இப்போது என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இருக்கிறது. இரண்டடி மீன் தொட்டியில் திரும்பும்போது வால் கண்ணாடியில் உரசுகிறது. நம் பெண் வாயாடி காய்ச்சலில் போய் எட்டு மாதம் ஆகிறது. அடுத்த மாதமே நீங்கள் வெளியூர்க் கட்டட வேலைக்குப் போய்விட்டீர்கள். அது மட்டும் இங்கேயே வளர்ந்துகொண்டிருக்கிறது. எனக்கு அதன்மேல் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. தீனி போடுகிறேன், தண்ணீர் மாற்றுகிறேன்.

வண்ண மீன் கடைக்குப் போனேன். பொண்ணு வரலையா என்று கடைக்காரர் கேட்டார். வெளியூரில் படிக்கிறாள் என்றேன். நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அவரிடம் மூன்றடித் தொட்டி ஒன்று இருக்கிறது. நம் கூடத்தில் கதவுக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நடுவே பொருந்தும். மீன் தொட்டிக்குத் தக்கபடிதான் வளரும் என்கிறார் பக்கத்து வீட்டு டெய்லர். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று அதற்கு ஒரு பழமொழி வேறு. வாங்கிவிடட்டுமா?

மாப்பிள்ளையின் மாமியார்


ஜூன் 14

அன்புள்ள மாமியாருக்கு,

டெய்லர் பேச்சைக் கேட்காதே. சட்டை சின்னது என்று பிள்ளை வளராமல் இருக்குமா, அவரிடமே கேள். சின்னத் தொட்டியில் மீன் அளவாக வளராது. நோஞ்சானாகி, முதுகு வளைந்து, சீக்கிரம் சாகும்.

இங்கே சைட் எஞ்சினியர் வீட்டில் இதே ஆஸ்கார் மீன் இருக்கிறது. ஒரு ஞாயிறு முழுக்க அவரைப் பிடித்துவைத்துக் கேட்டுக்கொண்டேன். இன்றைக்கு மீன் என்ன நீளம் என்று பார்க்கக் கூடாதாம், வளர்ந்து முடிந்தால் என்ன நீளம் வரும் என்று பார்க்க வேண்டுமாம். இவன் பதின்மூன்று அங்குலம் வரை போவான். தொட்டியின் அகலம் அதைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால்தான் உடம்பை வளைக்காமல் திரும்ப முடியும். நீளம் நாலு மடங்குக்குக் குறையக் கூடாது. பெரிய மீனின் கழிவும் அதிகம், தண்ணீர் நிறைய இருந்தால்தான் தாங்கும். ஆகவே ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். மூன்றடி என்ற பேச்சே வேண்டாம்.

தண்ணீரும் கண்ணாடியும் இரும்பு ஸ்டாண்டும் சேர்ந்தால் முக்கால் டன் எடை வரும். நாம் இருப்பது மாடி. கூடத்துச் சுவருக்கு அடியில் ஒன்றும் இல்லை, வெறும் ஸ்லாப்தான். பீம் ஓடுவது ஒரே ஒரு சுவருக்குக் கீழேதான். உள்ளறையில், கட்டில் கிடக்கிற சுவர்.

சாப்பாடு பரவாயில்லை. தூக்கம் வருகிறது.

மாமனார்


ஜூன் 30

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் ஃபிரிட்ஜ் மேலேயே போட்டுவைத்திருந்தேன்.

பிறகு டேப்பை எடுத்து அவள் அறையை அளந்தேன். அந்தச் சுவர் ஆறே காலடி. கட்டில் அதை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. எதிரே அலமாரி, மூன்றாவது பக்கம் ஜன்னல், நாலாவது பக்கம் கதவு. கட்டிலைத் தள்ளிப் போட வேறு இடம் இல்லை. அது வெளியே போனால்தான் தொட்டி உள்ளே வரும்.

இத்தனை மாதமாக அங்கே தூசி தட்டியதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை. சில சாயங்காலம் கட்டில் ஓரத்தில் உட்காருவேன். உட்கார்ந்ததும் கீச்சென்று ஆடும். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் அவள் எழுந்துவிட்டாள் என்று அடுப்பைப் பற்றவைப்பேன். இப்போதும் அந்த அறையில் கேட்கிற சத்தம் அது ஒன்றுதான். எனக்கு அழுகை வருவதில்லை. கண் டாக்டரிடம்தானே வேலை பார்க்கிறேன், கண்ணீர் வற்றிப்போகுமா என்று ஒரு நாள் அவரிடமே கேட்டேன். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

மாப்பிள்ளை கூழாங்கல்லைக் கவ்விக் கண்ணாடிமேல் துப்புகிறது. முட்டி முட்டி வாயோரம் வெள்ளையாகத் தேய்ந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் சரி, கட்டிலை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. அவளுடையது என்று உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

போல்ட்டைக் கழற்றப் பார்த்தேன். போல்ட் திருகுகிற அந்த வளைந்த சாவியைக் காணோம், உங்கள் பெட்டியோடு போயிருக்கும். கட்டிலைச் சேர்த்துப் பூட்டியது நீங்கள்தான். நீங்களே வந்து கழற்றுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதை நான் தனியாக நின்று பார்க்க முடியாது.

மாமியார்


ஜூலை 9

அன்புள்ள மாமியாருக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே மூன்றாவது மாடிக்குக் காங்கிரீட் போடுகிறோம். நான் நகர்ந்தால் வேலை நிற்கும். தெருமுனைத் தச்சரைக் கூப்பிடு. தலைமாட்டுப் பலகையை முதலில் எடுக்கச் சொல், இல்லாவிட்டால் சட்டம் பிளந்துவிடும்.

கண்ணாடி பன்னிரண்டு மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் போட வேண்டும். பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல் அப்படியே புதிய தொட்டிக்கு மாற்று. புதுத் தண்ணீரில் முதல் வாரம் தீனியைக் குறை.

வேறு விசேஷம் இல்லை.

மாமனார்


ஜூலை 27

உங்களுக்கு,

தச்சர் வந்தார். கட்டில் காலடியில் குனிந்து தன் சாவியை போல்ட்டில் வைத்தார். வேண்டாம் என்றேன். டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் மாப்பிள்ளையை மூடிபோட்ட பெரிய வாளியில் விட்டு வண்டி பிடித்து வண்ண மீன் கடைக்குக் கொண்டுபோனேன். வாசல் பக்கம் கடைக்காரர் எட்டடித் தொட்டி ஒன்றை மீன் இல்லாமல் தண்ணீர் மட்டும் விட்டு வைத்திருந்தார், வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். "பொண்ணு லீவுல வந்தா கேக்குமேம்மா" என்றார்.

"செத்துப்போயிட்டா அண்ணா" என்றேன்.

வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தன் ஸ்டூலை என் பக்கம் நகர்த்திப் போட்டார்.

மாப்பிள்ளை வெகுநேரம் மூலையில் படுத்துக் கிடந்தது. பிறகு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய், வால் எதிலும் படாமல் திரும்பி வந்தது. அகலத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

இரண்டு கடிதம் எழுதினீர்கள். அதில் அளவுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வாயாடி என்று ஒரு இடத்தில்கூட இல்லை. அவள் அறை என்று எழுதக்கூட மனசு வராமல் உள்ளறை என்று எழுதியிருக்கிறீர்கள். நமக்கு நடுவில் பேச ஒரு மீன் இருந்தது, இப்போது அதுவும் இல்லை. இனி எழுதுவதென்றால் அவளைப் பற்றி எழுதுங்கள். முடியாதென்றால் எழுத வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. கோபம் வந்தால்கூட நன்றாக இருக்கும்.

கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வாயாடியின் அம்மா


ஆகஸ்ட் 19

வாயாடியின் அம்மாவுக்கு,

தினமும் வேலை முடிந்து வந்து தாளை எடுத்துவைக்கிறேன். வாயாடி என்று எழுதுகிறேன். அடுத்த சொல் வருவதில்லை, மடித்து வைத்துவிடுகிறேன். அப்படி மடித்த தாள் நிறைய இருக்கிறது. இன்றைக்கு எது வருகிறதோ அதை எழுதிவிடுகிறேன்.

வாயாடிக்கு என் மூக்கு. வாயாடி பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை கடைப் பலகைகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வருவாள், காலேஜ் போன பிறகும். பக்கத்தில் உட்கார எனக்கு வெட்கமாக இருக்கும். இங்கே பஸ்ஸில் போகும்போது பலகைகளை நான் வாய்க்குள் படிக்கிறேன். சத்தம் வருவதில்லை.

காங்கிரீட் வேலை போன மாதமே முடிந்துவிட்டது. அந்த அறைக்குள் வரப் பயமாக இருந்தது. தச்சரைக் கூப்பிடச் சொன்னது அதனால்தான்.

சாவி என் பெட்டியில் இல்லை, சட்டைப்பையில் இருக்கிறது. சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதற்கு முந்தின வாரம், "அப்பா, கட்டில் ஆடுதுப்பா, ஒரு திருகு திருகிக் குடேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். கழற்ற அல்ல, திருக வருகிறேன். ஆனால் அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தாய். அது உனக்கு வேண்டுமென்றால் சொல், திருகாமல் அப்படியே விட்டுவிடலாம். அதற்கு முன்னால் நானும் ஒரு தடவை உட்கார்ந்து கேட்கிறேன்.

வாயாடியின் அப்பா