இரும்பில் பதிந்த வைக்கோல்

1971 பிப்ரவரி 9

பாலிடெக்னிக் ஆய்வுக்கூடத்துக்குப் போலீஸ் ஒரு சாக்கு கொண்டுவந்தது. உள்ளே, இரும்புப் பெட்டி ஒன்றின் பதினோரு துண்டுகள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் மிராசுதார் தியாகராசனின் களத்தில் வெடித்திருக்கிறது. பண்ணையில் கூலி வேலை செய்த செல்லதுரை இறந்துவிட்டார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் வெளியிலிருந்து குண்டு வீசினார்கள் என்று ஆறு பேர் சிறையில். இரும்பு எப்படி உடைந்தது என்று நான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 11

ஒரு துண்டை மெருகேற்றி, அமிலம் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இரும்பும் மணி மணியாகத்தான் இருக்கும். ஒவ்வொரு மணிக்குள்ளும் ஊசியால் கீறியது போல் நேர்க்கோடுகள். மெதுவாக வளைத்து முறித்தால் இவை வராது. கண் இமைப்பதற்குள் அதிர்ந்து கிழிந்த இரும்பு இது. ஆனால் கோடுகள் பெட்டியின் உட்புறம்தான் நெருக்கம். வெளிப்புறம் அநேகமாக இல்லை. அப்படியானால்?

பிப்ரவரி 12

மூடியின் உட்பக்கம் வைக்கோல் ஒட்டியிருந்தது. ஊதினேன், போகவில்லை. விரலால் தடவினேன் — வைக்கோலே இல்லை. அதன் அச்சு. தாள், கணு, நரம்பு எல்லாம் இரும்பில். நல்ல வெயில் நேரம். எனக்கு ஏன் குளிர்ந்தது?

பிப்ரவரி 15

செல்லதுரையின் மனைவி பூவம்மாள் வந்தார். வெடித்த அன்று, மிராசுதாரின் பண்ணையைக் கவனிக்கும் காரியக்காரர்தான் செல்லதுரையை ஆள் விட்டுக் கூப்பிட்டாராம்.

"பெட்டியத் தூக்கிட்டு வான்னாங்க. உள்ள என்னன்னு அவருக்குத் தெரியாதுங்க."

அச்சைக் காட்டினேன். தொட்டவர் கையை இழுத்துக்கொண்டார். "சுடுதுங்களே."

நான் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது.

பிப்ரவரி 18

வெளியிலிருந்து வீசியது என்று மட்டும் எழுதினால் போதும் என்றார் இன்ஸ்பெக்டர். பயந்துட்டேன், அதான் உண்மை.

பிப்ரவரி 21

வல்லம் பக்கம் கல் குவாரியில் வெடி வைக்கும் கலந்தரிடம் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். இரும்புத் தகடு, மேலே வைக்கோல், அதன்மேல் டைனமைட். வெடித்தபின் தகட்டைத் தேடி எடுத்தோம். அதே தாள், அதே கணு.

கலந்தர் அதைக் கையில் வாங்க மறுத்துவிட்டார்.

பிப்ரவரி 22

எழுதிவிட்டேன். வெடிமருந்து வெளியிலிருந்து வரவில்லை. வைக்கோலில் பொதிந்து பெட்டிக்குள்ளேயே இருந்தது. கையெழுத்தும் போட்டாயிற்று.

ஏப்ரல் 3

ஆறு பேரையும் விட்டுவிட்டார்கள். மிராசுதாரைத் தேடுகிறார்கள். காரியக்காரர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். அவர் காட்டிய இடத்தை நேற்றுத் தோண்டியிருக்கிறார்கள். சங்கக் கொட்டகையின் பின்சுவர் ஓரம். வாரம் ஒருமுறை எண்பது பேர் கூடும் இடம்.

மண்ணுக்குள் ஏற்கெனவே இரண்டு பெட்டிகள் இருந்தன. செல்லதுரையைத் தூக்கச் சொன்னது மூன்றாவது.